கன்று வீசிய மாடும் விடாத காய்ச்சலும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளும் அதே நோயை, மாடு ஆடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸைப் பற்றியவைதான், எல்லாம் நம் பெங்களூருக்குள்ளும் அதைச் சுற்றியும் இருந்து வந்தவை.

டாக்டர் ஐயா, அல்சூரில் மூன்று தலைமுறையாக மாடு வைத்துப் பால் ஊற்றுகிறோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல். காலையில் நன்றாக இருப்பார், பொழுது சாய்ந்தால் குளிரெடுத்துக் காய்ச்சல் ஏறும், விடியற்காலையில் சட்டையைப் பிழியலாம் போல வியர்க்கும். இடுப்பு வலியில் குனிய முடியவில்லை. டைஃபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், நின்றது, பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். ஆடி மாதம் எங்கள் மாடு ஒன்று ஏழு மாதச் சினையில் கன்று வீசியது, நஞ்சுக்கொடியும் விழவில்லை, இவர்தான் கையை விட்டு எடுத்தார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று என் தம்பி கேட்கிறான். தப்பாக நினைக்காதீர்கள்.
— வாசகி, அல்சூர்

அம்மா, தப்பாக நினைக்க இதில் என்ன இருக்கிறது? இந்த இரண்டு மாதத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை உங்கள் தம்பி ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி, அதற்கு முன்னால் கன்று வீசிய மாடு, வெறுங்கையால் எடுத்த நஞ்சு, எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. புருசெல்லோசிஸ். மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய் அல்லது கருச்சிதைவு நோய் என்கிறோம். புருசெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. மாட்டின் கர்ப்பப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் அது கோடிக்கணக்கில் பெருகும், சினையின் கடைசி மாதங்களில் கன்றைத் தள்ளிவிடும். அந்த நஞ்சையும் பனிக்குட நீரையும் வெறுங்கையால் தொட்டால், கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தாலே போதும், உள்ளே போய்விடும். கண்ணில் தெறித்தாலும் போகும், தெறிப்பதை மூச்சில் இழுத்தாலும் போகும். தொற்றிய பிறகு பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு ஐந்து மாதம் வரைகூட ஆகலாம். அதற்குள் மாடு கன்று வீசியது எல்லோருக்கும் மறந்து போயிருக்கும். இந்த நோய் கண்ணில் படாமல் தப்பிப்பதற்கு முதல் காரணமே இந்த இடைவெளிதான்.

இரண்டாவது காரணம், இதற்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, களைப்பு, பசியின்மை என்று எல்லாம் வேறு பத்து நோய்க்கும் உள்ளவை. வைடால் பரிசோதனை நம் ஊரில் பழைய தொற்றுக்குக்கூட பாசிட்டிவ் காட்டும், உடனே டைஃபாய்டு என்று எழுதிவிடுவார்கள். டிபி மருந்து கொடுத்துப் பார்த்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் அதிலுள்ள ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் தாக்கும், அதனால் கொஞ்ச நாள் தேறின மாதிரி இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். முதுகெலும்பில் போய் உட்கார்ந்தால் ஸ்கேனில்கூட டிபி மாதிரியே தெரிவதுண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் நஞ்சு விழாத மாடு என்றால் கூப்பிடுவார்கள், நான் தோள் வரைக்கும் கையை விட்டு எடுப்பேன், கிளவுஸ் இருந்தால் போடுவேன், தீர்ந்துபோயிருந்தால் சோப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று மாதம். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், தினமும் ரத்தம் எடுத்தார்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாட்டு ரத்தத்தில் நானே எத்தனையோ முறை செய்து பார்த்த ரோஸ் பெங்கால் பரிசோதனையை என் ரத்தத்தில் செய்யச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வந்த சக மருத்துவர் ஒருவர்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "கடைசியா எந்த ஊர்ல நஞ்சு எடுத்தே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஒன்றரை மாத மருந்தில் எழுந்துவிட்டேன். இடது இடுப்பு மூட்டு மட்டும் இன்றைக்கும் குளிர் நாட்களில் வலிக்கிறது.

அதனால் நாளைக்கே உங்கள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வீட்டில் மாடு இருக்கிறது, ஆடியில் ஒன்று கன்று வீசியது, இவர் வெறுங்கையால் நஞ்சு எடுத்தார். புருசெல்லா பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ரோஸ் பெங்கால் என்பது ஒரு சொட்டு ரத்த நீரில் இளஞ்சிவப்புச் சாயமேற்றிய மருந்தைக் கலந்து திரிகிறதா என்று பார்ப்பது, நான்கு நிமிட வேலை. அதை உறுதி செய்ய எலிசா, குழாய்ப் பரிசோதனை என்று உண்டு. ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினால் லேபுக்கும் இந்தச் சந்தேகத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இது மெதுவாக வளரும் கிருமி, கல்ச்சரைச் சீக்கிரம் முடித்துவிட்டால் கண்ணில் படாமல் தப்பிவிடும். அதோடு லேபில் வேலை செய்பவர்களுக்குச் சுலபமாகத் தொற்றுவதில் இது முன்வரிசையில் இருக்கிறது, அவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் அல்லவா.

நீங்களும் அந்த மாட்டைக் கறக்கிறவர் என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு இந்த நோய்தான் என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் காய்ச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. ஆறு வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள், மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டார். பரவாயில்லையா?
— வாசகர், லிங்கராஜபுரம்

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன் தம்பி. இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும், எந்த வெள்ளையணு அதைக் கொல்ல வேண்டுமோ அதற்குள்ளேயே குடியிருக்கும். அதனால்தான் ஒரு மருந்து போதாது, இரண்டு சேர்த்துக் கொடுக்கிறார்கள். டாக்ஸிசைக்ளின் ஆறு வாரம், கூடவே ஆறு வாரம் ரிஃபாம்பிசின் அல்லது முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி என்பதுதான் வழக்கமான முறை. எலும்பிலோ இதய வால்விலோ இறங்கியிருந்தால் இன்னும் நீளும். காய்ச்சல் நின்றது பாதி வழிதான். முழுசாகச் சாப்பிட்டவர்களிலேயே சிலருக்குத் திரும்ப வருகிறது, நடுவில் விட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் புரட்டல் குறையும், பாலோடு மட்டும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். ரிஃபாம்பிசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைப் பார்த்து பயந்து நிறுத்துபவர்களும் உண்டு, பயப்பட வேண்டாம். அண்ணனை இன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், மீதி மாத்திரையை விட்ட இடத்திலிருந்து அவராகவே தொடங்குவதும் சரியில்லை.

என் மாமியார் பேரனுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு பச்சையாகக் கொடுக்கிறார். எனக்கு ரத்தம் குறைவு என்று சிவாஜிநகரில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வந்து தணலில் லேசாக வாட்டித் தருகிறார், உள்ளே ரத்தம் அப்படியே இருக்கும். இரண்டையும் வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
— வாசகி, ஸ்ரீராமபுரம்

அத்தை அவர்களே, உங்களிடமே பேசுகிறேன். பேரன் மேலும் மருமகள் மேலும் உங்களுக்குள்ள அக்கறை புரிகிறது. ஆட்டுப் பால் கொடுங்கள், சுவரொட்டியும் கொடுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள், சுவரொட்டியை உள்ளே சிவப்பே தெரியாத அளவுக்கு வேகவைத்துக் கொடுங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு சின்னத் தீவு, அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. அங்கிருந்த சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது, சிலர் செத்தும் போனார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் அப்படிச் செத்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்துதான் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார், 1887-இல் அதை எழுதி வெளியிட்டார். அவர் பெயரால்தான் புருசெல்லா. மண்ணீரல் என்றால் சுவரொட்டியேதான். தொற்றுள்ள ஆட்டின் சதையில் இந்தக் கிருமி குறைவாக இருக்கும், மண்ணீரல், ஈரல், மடி, கர்ப்பப்பை இவற்றில்தான் தங்கும்.

கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள், நம் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஒரு காலத்தில் மாட்டை வாசலுக்குக் கொண்டுவந்து கறந்த மாதிரி. அந்த ஆடுகள் பார்க்கக் கொழுகொழுவென்று, நோயே இல்லாதவை போல இருந்தன, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. மால்டாக்காரரான தெமிஸ்டோக்கிளிஸ் ஸாமிட் என்ற டாக்டர்தான் 1905-இல் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்து, காரணம் ஆடுதான் என்று காட்டினார். அதே வருடம் மால்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடு ஏற்றிப் போன கப்பலில் அந்தப் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தார்கள். 1906-இல் சிப்பாய்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தி டின் பால் கொடுத்தார்கள், படையில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஊர் மக்களோ வழக்கம்போல வாசலில் கறந்த பாலையே குடித்தார்கள், அவர்களுக்குக் காய்ச்சல் பல வருடம் தொடர்ந்தது. எனக்கு இந்தக் கதையில் மனசு உறுத்தும் இடம் அதுதான்.

ஆட்டில் இருக்கும் வகைக்கு மெலிடென்சிஸ் என்று பெயர், மாட்டில் இருப்பது அபார்டஸ். மனிதனை அதிகம் படுத்துவது ஆட்டு வகை. அதனால்தான் அத்தை, குழந்தைக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் பால்காரர் வீட்டு மாடு கன்று வீசியதாகக் கேள்விப்பட்டோம். இத்தனை நாள் அவரிடம்தான் பால் வாங்கினோம். தயிர், மோர் எல்லாம் அதில்தான். சீம்பாலும் வாங்கியிருக்கிறோம். என்ன செய்வது?
— வாசகி, விவேக்நகர்

காய்ச்சித்தானே குடித்தீர்கள்? அப்படியானால் ஒன்றும் ஆகாது. பாலை 63 டிகிரியில் அரைமணி நேரமோ 72 டிகிரியில் பதினைந்து விநாடியோ வைத்தாலே இந்தக் கிருமி செத்துவிடும். நம் வீட்டில் பால் பொங்குவது அதற்கும் எவ்வளவோ மேலே. நந்தினி பாக்கெட் பாலில் அந்த வேலையை முன்பே செய்துவிடுகிறார்கள். காய்ச்சிய பாலில் தோய்த்த தயிர் சரி. சீம்பாலை இட்லிப் பானையில் கட்டியாகும் வரை வேகவைத்தீர்கள் என்றால் அதுவும் சரி. கன்னடத்து வீடுகளில் கிண்ணு செய்வதும் அப்படித்தான். பச்சைப் பாலில் செய்த பனீரும், மடியிலிருந்து நேராக வாயில் பீச்சிக் குடிப்பதும், அபிஷேகத்துக்கு வாங்கிய பாலைக் காய்ச்சாமல் தீர்த்தமாகக் கொடுப்பதும் வேண்டாம்.

பால்காரரை ஒதுக்காதீர்கள். இந்த நோயில் ஆபத்து அதிகம் அவருக்குத்தான்.

கன்று வீசிய மாடு இப்போது நன்றாகத் தீனி எடுக்கிறது, பாலும் கொடுக்கிறது. ரத்தம் சோதித்ததில் நோய் இருக்கிறது என்றார்கள். 70,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மாடு. தரகர் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார். பெரியவர்கள், ஒருமுறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடும் என்கிறார்கள். எதைக் கேட்பது?
— வாசகர், சர்ஜாபூர் சாலை

பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை, பெரும்பாலான மாடுகள் ஒருமுறை வீசிவிட்டு அடுத்த முறை ஒழுங்காகவே கன்று போடும். நோய் போய்விட்டது என்று நாம் ஏமாறுவதும் அங்கேதான். கிருமி மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் அப்படியே இருக்கும், பாலில் வரும், அடுத்த ஈற்றின் நஞ்சிலும் நீரிலும் கொட்டும். நல்ல கன்றாகப் போட்டாலும் அந்தத் தொழுவம் முழுக்கக் கிருமி. பக்கத்தில் கட்டியிருக்கும் மாடு அதை நக்கும், அந்தத் தீவனத்தைத் தின்னும், அதற்கும் வந்துவிடும். மாட்டுக்கு மருந்து கொடுத்துச் சரியாக்குவது நடைமுறையில் இல்லை, கொடுத்தாலும் நம்ப முடியாது.

தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள். உங்கள் 70,000 ரூபாயின் வலி எனக்குப் புரிகிறது, நஷ்டஈடு என்று யாரும் வீட்டு வாசலில் வந்து கொடுக்கப் போவதில்லை என்பதும் தெரியும், அது இருந்தால்தான் இந்த நோய் ஒழியும் என்று நான் வேலையில் இருந்தபோதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மாட்டை உண்மையைச் சொல்லாமல் விற்றால் அதை வாங்குபவர் உங்களைப் போலவே கடன் வாங்கி வந்த இன்னொருவராகத்தான் இருப்பார், அவருடைய மனைவிதான் அதைக் கறப்பார். உங்களுக்கு அந்த மாடு வந்ததும் அநேகமாக இப்படி ஒரு சந்தை வழியாகத்தான்.

வைத்துக்கொள்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், கடைசியாகக் கறங்கள், கறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், கன்றுக்கும்தான். ஊர்க் காளைக்கு விடாதீர்கள். ஈனும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வேறு இடத்தில் கட்டி, கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்து கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். நஞ்சையும், வீசிய கன்று என்றால் அதையும், கிளவுஸ் போட்டு எடுத்து ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். குப்பைத் தொட்டியிலோ ஏரிக்கரையிலோ போட்டால் தெருநாய் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். பெல்லந்தூர், வர்த்தூர்ப் பக்கம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். வெயில் பட்டால் இந்தக் கிருமி சீக்கிரம் சாகும், ஈரமும் நிழலும் குளிரும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெங்களூரின் மழைக்காலத் தொழுவம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற மாடுகளின் ரத்தத்தையும் சோதியுங்கள். இந்த நோயில் வேலை செய்யும் மத்திய அரசின் நிவேதி ஆராய்ச்சி நிறுவனம் நம் யெலஹங்காவிலேயே இருக்கிறது, ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பகுதி மருத்துவரிடம் மாதிரி கொடுத்தால் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

கிடாரிக் கன்றுக்குத் தடுப்பூசி இலவசமாகப் போட வந்தார்கள். காளைக் கன்றுக்கும் பெரிய மாடுகளுக்கும் போட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஏன் இந்தப் பாரபட்சம்?
— வாசகர், ஆனேக்கல்

அவர்கள் செய்தது சரிதான். இது உயிருள்ள கிருமியை வலுக் குறைத்துச் செய்த ஊசி. நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள் கிடாரிக் கன்றுக்கு ஒருமுறை போட்டால் போதும். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கருவைக் கலைத்துவிடலாம், காளைக்கு விரை வீங்கலாம், வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பிறகு ரத்தப் பரிசோதனையில் நோயா ஊசியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிடும். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் இதற்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், உங்கள் வாசலுக்கு வந்த ஊசி அதில்தான் வருகிறது. அந்த நான்கு மாத இடைவெளியைத் தவறவிட்டால் அந்தக் கன்றுக்குத் திரும்ப வாய்ப்பு இல்லை, அதனால் கிடாரி பிறந்த தேதியைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள். ஊசி போடும்போது கன்றைக் கெட்டியாகப் பிடியுங்கள், அது உதைத்து ஊசி உங்கள் கையிலோ மருத்துவர் கையிலோ ஏறினால் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும், மாட்டுக்குத் தடுப்பூசியாக இருப்பது மனிதனுக்கு நோயையே கொடுக்கும். மனிதனுக்கென்று இதற்குத் தடுப்பூசி நம் நாட்டில் இல்லை.

நான் ஐந்து மாதம் கர்ப்பம். மாமனார் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். குட்டி போடும் சமயத்தில் உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
— வாசகி, தேவனஹள்ளி

போகாதீர்கள் அம்மா. கர்ப்பத்தில் இந்தத் தொற்று வந்தால் கரு கலையும் அபாயம் உண்டு, வழக்கமான மருந்துகளில் சிலவற்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவும் முடியாது. இந்தப் பதிலை மாமனாரிடம் படித்துக் காட்டுங்கள், மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த நோய் உள்ளவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளுமா? அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வரப் பயப்படுகிறார்கள்.
— வாசகி, அல்சூர்

ஒட்டாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தாராளமாக வந்து போகட்டும். முதல் கடிதம் எழுதிய அம்மா நீங்கள்தானா என்று தெரியவில்லை, நீங்களேயானால் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.